மாடி ஏறத் தெரியாத வைஃபை

மதுரை,
ஐப்பசி அடைமழை.

அன்புள்ள வாயாடிக்கு,

தளத்துக்குக் கம்பி கட்டி முடித்ததாக நீ அனுப்பிய படம் வந்தது. அடுத்த முகூர்த்தத்தில் காங்கிரீட் என்று எழுதியிருந்தாய். தஞ்சாவூரில் சொந்தமாக மூன்று அடுக்கு வீடு! ஹாஸ்டலில் ஒரே வாளியை மூன்று பேர் பங்கு போட்டுக் குளித்தவர்களில் ஒருத்திக்கு இந்த யோகம். வயிற்றெரிச்சல் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கம்பிகளுக்கு நடுவே ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் பைப் ஓடுகிறது. இன்டர்நெட்டுக்கு ஒரு பைப்கூட இல்லை. “வைஃபைதானே, அது தானாக வரும்” என்று உன் இன்ஜினியர் சொல்லியிருப்பார். எல்லா இன்ஜினியரும் அதைத்தான் சொல்கிறார்கள். போனில் சொன்னால் நாம் இருவரும் வேறெங்கோ போய்விடுவோம், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். காங்கிரீட் கலக்கும் மெஷின் உன் வாசலுக்கு வருவதற்குள் படித்துவிடு.

எங்கள் வீட்டு அமைப்பு உனக்குத் தெரியும். கீழே அத்தையும் மாமாவும், முதல் மாடியில் நாங்கள், இரண்டாவது மாடியில் கொழுந்தன் குடும்பம். மொட்டை மாடி அறையில் இப்போது நாத்தனார் மகள் இருக்கிறாள். இங்கேதான் ஈ.சி.இ. படிக்கிறாள், நாங்கள் குட்டி என்றுதான் கூப்பிடுவது. சமையல் மூன்றாகப் பிரிந்தபோதே மாமா ஒரு சட்டம் போட்டார்: அடுப்பு வேறாக இருக்கலாம், கரண்ட் மீட்டர் வேறாக இருக்கலாம், நெட் மட்டும் ஒன்றுதான். பில்லை அவரே கட்டுகிறார், அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

ஃபைபர் ஒயர் தெருக் கம்பத்திலிருந்து கீழ் வீட்டு முன்னறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. லைன் கொடுக்க வந்த தம்பி, ஜன்னலுக்கு எது பக்கமோ அங்கே பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டான். அத்தை அதை டிவி ஷோகேஸுக்குள் தள்ளி, தூசி படக்கூடாது என்று பூவேலை செய்த துணி போட்டு மூடி, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தார். பக்கத்தில் மாமாவின் இரும்பு பீரோ. இந்தக் கோட்டைக்குள்ளிருந்து வைஃபை மூன்று தளம் தாண்டி மொட்டை மாடிக்குப் போக வேண்டும்.

போகவில்லை. படிக்கட்டு திறந்த இடம் என்பதால் அந்த வழியாக மட்டும் கொஞ்சம் ஏறியது. விளைவு என்ன தெரியுமா? வீடே படிக்கட்டில் உட்கார ஆரம்பித்தது. கொழுந்தன் ஆபீஸ் மீட்டிங்கைப் படி திருப்பத்தில் ஸ்டூல் போட்டு நடத்துவார். அவர் மேனேஜர் அவரைத் திட்டுவது கீழே காய் நறுக்கும் வேலைக்காரம்மா வரைக்கும் கேட்கும். இவராவது பரவாயில்லை. ஓரகத்தி ஒரு மத்தியானம் அங்கேயே உட்கார்ந்து அவள் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். ஐந்து பவுன் சங்கிலி அடகில் இருக்கிற கதையை முழுசாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அத்தை வடாம் தட்டோடு மேலே ஏறி வருகிறார். அந்தச் சங்கிலி அத்தை போட்டது! அதற்கப்புறம் ரொம்ப நாள் இரண்டு பேரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். “உன் ஓரகத்தியிடம் சொல்லு, மிளகாய் காயுது, மழை வருதுன்னு.” அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள்.

இனி தாங்காது என்று மராமத்து ஆரம்பித்தோம். முதலில் என் வீட்டுக்காரர் போய் ஒரு கடையில் எக்ஸ்டெண்டர் வாங்கி வந்தார். பிளக்கில் சொருகினால் போதும், மூலை முடுக்கெல்லாம் நெட் என்று கடைக்காரர் சத்தியம் செய்திருக்கிறார். முதல் மாடியில் சொருகினோம். செல்போனில் கோடு நான்கும் நிறைந்து நின்றது. படம் மட்டும் ஓடவில்லை.

குட்டிதான் விளக்கினாள். அந்தச் சின்னப் பெட்டி, கல்யாணத் தரகர் மாதிரி. பெண் வீட்டில் சொல்வதைக் கேட்கும்போது மாப்பிள்ளை வீட்டில் பேச முடியாது, அங்கே பேசும்போது இங்கே கேட்க முடியாது. வாங்குவதும் கொடுப்பதும் ஒரே ரேடியோவில் என்பதால் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதிலும் கீழிருந்து அதற்கு வந்து சேர்வதே அரைகுறை. செல்போன் காட்டும் கோடு, பக்கத்துப் பெட்டிக்கும் போனுக்கும் உள்ள நெருக்கம். அந்தப் பெட்டிக்கும் கீழ் வீட்டுக்கும் உள்ள உறவை அது காட்டாது.

“அத்தை, இந்தத் தளம் சிமென்ட் மட்டும் இல்ல. உள்ள இரும்புக் கம்பி வலை மாதிரி பின்னிக் கிடக்கு” என்றாள். உன் படத்தில் நானே பார்த்தேனே, குறுக்கும் நெடுக்குமாக எத்தனை கம்பி! வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் பக்கத்து வீடு, எதிர் வீடு, மாவு மில் எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள், ஒரே இரைச்சல். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தடித்த சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். ஒரு தளத்திலேயே இப்படி என்றால் மூன்று தளம் தாண்டி மொட்டை மாடிக்கு எது போய்ச் சேரும்?

கொழுந்தன் சும்மா இருப்பாரா? ஆபீஸில் யாரோ சொன்னார்கள் என்று கரண்ட் ஒயர் வழியாகவே இன்டர்நெட் அனுப்பும் ஒரு ஜோடி அடாப்டர் கடன் வாங்கி வந்தார். கீழே ஒன்று, மேலே ஒன்று. சில ப்ளாட்டுகளில் அது நன்றாகவே வேலை செய்கிறதாம். எங்கள் வீடு மூன்று பேஸ். கீழ் வீடு ஒரு பேஸில், இரண்டாவது மாடி வேறொரு பேஸில், நடுவில் இன்வெர்ட்டர் வேறு. ஒன்றுக்கொன்று முகம் கொடுத்தே பேசவில்லை. அத்தையும் ஓரகத்தியும் தோற்றார்கள் போ.

அப்புறம் கொழுந்தனே மெஷ் என்றார். மூன்று வெள்ளைப் பெட்டி, பார்க்க இட்லிப் பானை மூடி போல அழகாக இருக்கும், விலையைக் கேட்டால் காது அடைக்கும். குட்டி அங்கேதான் குறுக்கே விழுந்தாள். பெட்டி நல்லதுதான், ஆனால் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு விஷயம் காற்றில் போனால் அதே தளத்தைத்தானே தாண்ட வேண்டும்? நீங்கள் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் காங்கிரீட் மெலியாது. மாடிக்கு மாடி போவது கம்பியில் போகட்டும், அறைக்குள் மட்டும் காற்றில் போகட்டும் என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் உனக்கு இவ்வளவு எழுதுகிறேன்.

மாமாவுக்குச் சந்தேகம். “எல்லாரும் ஒயர் இல்லாம போறாங்க, நீ என்னடான்னா பழைய காலத்துக்கு இழுக்கிற?” குட்டி விடவில்லை. ஈதர்நெட் பழசுதான் தாத்தா, 1973-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கியது, அப்போது வேகம் மூன்று மெகாபிட்கூட இல்லை. அதே முறை வளர்ந்து இன்று வீட்டில் நொடிக்கு 1,000 மெகாபிட் ஓடுகிறது, மெட்காஃபுக்கு 2022-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது என்று மூச்சு விடாமல் சொன்னாள். ஆரம்பத்தில் அது டிவி கேபிள் ஜாதிக் கம்பியில்தான் ஓடியதாம். டிவி கேபிள் என்றதும் மாமாவுக்கு ஒரு யோசனை. “நம்ம டிஷ் ஒயர் எல்லாம் ஒரு பைப்புல கீழ வரைக்கும் வருதே?”

கிழவருக்கு மூளை இருக்கிறதடி. டிஷ் ஆன்டெனாவைக் கழற்றி வருஷக்கணக்காகிறது, கறுப்பு ஒயர் மட்டும் பைப்புக்குள் தூங்கிக் கிடந்தது. மொட்டை மாடியிலிருந்து ஒவ்வொரு மாடி டிவி பாயின்ட் வழியாகவும் கீழ் முன்னறை வரை வழி. சுவரை ஓரிடத்தில்கூட வெட்ட வேண்டாம்.

அதற்குமுன் லைன் தம்பி வந்து, “அக்கா, வெளிச்சுவர்ல கிளிப் அடிச்சு மேல கொண்டுபோயிடறேன், அரை நாள் வேலை” என்றான். வேண்டாம் என்று விட்டோம். உள்ளே போட வேண்டிய ஒயரை மதுரை வெயிலில் வைத்தால் மேல்தோல் வெடித்துவிடும். வெளியே போடுவதற்கென்றே கறுப்புத் தோல் ஒயர் இருக்கிறது, ஆனால் எங்கள் வேப்பமரத்து அணில்களுக்குக் கறுப்பு நீலம் பேதமில்லை. இந்த ஐப்பசி இடியும் இருக்கிறது. பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினால் வெளியே நீண்டு கிடக்கும் செம்புக் கம்பி அந்த அதிர்ச்சியை நேராக வீட்டுப் பெட்டிகளுக்குக் கொண்டுவந்து கொடுக்கும்.

ஒயர் வாங்க டவுன் ஹால் ரோடுக்கு நானும் குட்டியும் போனோம். கடையில் முதலில் எடுத்துப் போட்டது மலிவு ரகம். குட்டி கைப்பையிலிருந்து பிளேடை எடுத்து உள்ளே இருந்த கம்பியைச் சுரண்டினாள். மேலே செம்பு, உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்! கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அப்படிப்பட்ட ஒயரில் மின்தடை அதிகம், அதன் வழியே கரண்டும் அனுப்பினால் சூடாகும், வளைத்தால் முறியும். சுத்தச் செம்பு கேட் 6 கேட்டு வாங்கினோம். கையில் எடுத்தாலே கனம் தெரியும். கேட் 5இ போட்டாலும் 100 மீட்டர் வரைக்கும் 1,000 மெகாபிட் தாங்கும், நம் வீடுகளுக்கு அது போதும். கேட் 6 என்றால் குறைந்த தூரத்துக்கு, சுமார் 55 மீட்டர் வரை, அதைப்போலப் பத்து மடங்கு. பைப்புக்குள் ஒருமுறை போட்டதை யார் மறுபடி உருவப்போகிறார்கள், அதனால் கேட் 6. கேட் 7, கேட் 8 என்று யாராவது நீட்டினால் வணக்கம் சொல்லி வந்துவிடு.

இழுக்கிற அன்று எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். பழைய டிஷ் ஒயரின் நுனியில் புது ஒயரைக் கட்டி டேப் சுற்றி, மேலிருந்து கொழுந்தன் தள்ள, கீழிருந்து அண்ணன் இழுக்க, நடுமாடியில் நான் ‘வருது, வருது’ என்று கத்த, ஒரு பிரசவம் பார்த்த மாதிரி ஆயிற்று. முதல் மாடி பெண்டில் சிக்கிக்கொண்டது. அண்ணன் பவுடர் கேட்டார். அத்தையின் முகப்பவுடர் ஒரு டப்பா முழுக்க பைப்புக்குள் போயிற்று. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, வாசனையோடு. பாதி வழியில் அண்ணன் அலுத்துப்போய், “கரண்ட் பைப்புல நிறைய இடம் இருக்கும்மா, அதுல விட்டுடலாமா?” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 230 வோல்ட் ஒயரும் இதுவும் ஒரே பைப்பில் உரசிக்கொண்டு கிடந்தால், என்றைக்காவது ஒன்றின் தோல் கிழிந்து மற்றதில் கரண்ட் ஏறும், மேலே லேப்டாப்பைத் தொடுகிறவள் குட்டி. தனிப் பைப்தான் அண்ணே என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், டீ கொடுத்ததும் சரியாகிவிட்டார்.

கிரிம்பிங் எல்லாம் குட்டி கையால். எட்டுக் கம்பி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. ஜபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கண்ணாடி கிளிப்புக்குள் செருகி இடுக்கியால் ஒரு கடி. இரண்டு முனையிலும் ஒரே வரிசையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாம் மாட்டி வேகம் பார்த்தோம். முதல் மாடியில் மாமா கட்டுகிற 200 மெகாபிட் அப்படியே வந்தது. இரண்டாவது மாடியில் 94. மறுபடி பார்த்தால் 93. கொழுந்தன் உடனே ஒயர் மட்டம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஆரம்பித்தார். குட்டி சிரித்தாள். சிக்னல் மோசம் என்றால் எண் தாறுமாறாக ஆடும். இப்படி நூறுக்குச் சற்றுக் கீழே ஆணி அடித்தது போல நின்றால் கிளிப்பில்தான் கோளாறு. 1,000 மெகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நான்கே போதும். எங்கோ ஒரு கம்பி சரியாகக் கடிபடவில்லை, இரண்டு பெட்டியும் தமக்குள் பேசி நூறுக்கு இறங்கி வந்துவிட்டன. டெஸ்டரை மாட்டினாள். ஏழாம் விளக்கு எரியவில்லை. கிளிப்பை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டதும் இருநூறு. அந்த டெஸ்டர் விலை மலிவு, உன் எலக்ட்ரீஷியனிடம் இல்லாவிட்டால் நீயே ஒன்று வாங்கி வை. விளக்கைக் காட்டாமல் கூலி கொடுக்காதே.

இப்போது அமைப்பு என்ன என்றால், கீழே பழையபடி ரூட்டர், ஷோகேஸை விட்டு வெளியே, துணி இல்லாமல். (அத்தைக்கு அதில் இன்னும் வருத்தம்.) முதல் மாடி டிவிக்குப் பின்னால் ஒரு சுவிட்ச், அங்கிருந்து மேலே இரண்டு ஒயர். எங்கள் மாடிக்குப் பரணில் கிடந்த பழைய ரூட்டரையே போட்டோம். அதில் லேன் என்று எழுதிய ஓட்டையில்தான் ஒயரைச் செருக வேண்டும், டி.எச்.சி.பி. என்ற வேலையை அணைத்துவிட வேண்டும். வீட்டில் வரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் எண் கொடுப்பது அந்த வேலை. இரண்டு பேர் எண் கொடுத்தால் யார் சொல்வதைக் கேட்பது? இரண்டு மாமியார் இருக்கிற வீடு ஆகிவிடும். இரண்டாவது மாடிக்கும் குட்டியின் அறைக்கும் சீலிங்கில் ஒட்டும் வட்டமான அக்சஸ் பாயின்ட். எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4-இல் மட்டும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் 1, 6, 11 என்று சேனல் பிரித்தோம்.

போன் சில சமயம் பிடிவாதம் பிடிக்கும். கீழ் வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி வந்து, தலைக்கு மேல் இருப்பதை விட்டுவிட்டு அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன்தான், பெட்டி இல்லை. அதற்கு மருந்து, பெட்டிகளின் வீச்சைக் குறைப்பது. கேட்க விநோதமாக இருக்கும், கூட்டினால்தானே நல்லது என்று தோன்றும். குறைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் போன்கள் ஒழுங்காக மாடி மாறின.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த சீலிங் வட்டம்தான். அதற்குத் தனிக் கரண்ட் வேண்டாம். நெட் போகிற அதே ஒயரில் சுவிட்சிலிருந்து கரண்டும் ஏறுகிறது, பி.ஓ.இ. என்கிறார்கள், 2003-லேயே வந்த முறை. அதில் 15 வாட் வரை அனுப்பலாம். அதனால் என்ன லாபம்? கீழே ரூட்டரையும் முதல் மாடி சுவிட்சையும் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் போட்டால் போதும், கரண்ட் போனாலும் மேலே இரண்டு மாடியும் அணையாது. போன வாரம் இடி இடித்து ஏரியாவே இருட்டானபோது கொழுந்தன் மீட்டிங் நிற்கவே இல்லை. “கரண்ட் போச்சு சார்” என்று தப்பிக்கிற வழியும் போயிற்று என்று அவருக்கு உள்ளுக்குள் கடுப்பு.

அந்தக் கடுப்பிலோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவிட்சில் ஒரு குட்டை ஒயர் தொங்குகிறதே என்று அதன் இன்னொரு முனையையும் எடுத்து அதே சுவிட்சில் காலியாக இருந்த ஓட்டையில் செருகியிருக்கிறார். வீடு முழுக்க நெட் செத்துப்போயிற்று. அனுப்புகிற செய்தி அந்த வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, வேறு எதற்கும் வழியில்லாமல் அடைத்துவிடுமாம். லைன் தம்பிக்குப் போன் போட்டு மாமா கத்தோ கத்தென்று கத்துகிறார். குட்டி தூங்கி எழுந்து வந்து ஒயரைப் பிடுங்கினாள், உயிர் வந்துவிட்டது. கொழுந்தன் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

உன் வீட்டுக்கு வருகிறேன். உனக்கு டிஷ் பைப் தேட வேண்டிய தலையெழுத்து இல்லை, காங்கிரீட் இன்னும் விழவில்லை. ஃபைபர் எங்கே உள்ளே வர வேண்டும் என்பதை நீ முடிவு செய், லைன்காரர் முடிவு செய்ய விடாதே. படிக்கட்டுக்கு அடியிலோ இன்வெர்ட்டர் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலோ ஒரு மூலை, காற்றோட்டத்தோடு. அங்கிருந்து ஒவ்வொரு மாடிக்கும் 25 மில்லிமீட்டர் பைப் தனியாக, கரண்ட் பைப்போடு சேராமல். ஒவ்வொரு மாடி ஹாலிலும் சீலிங் நடுவில் ஒரு முனை, டிவிக்குப் பின்னால் ஒன்று, உன்னவர் ஆபீஸ் அறை என்று கனவு காண்கிறாரே அங்கே ஒன்று. ஒரு முனைக்கு ஒன்று போதும் என்பார்கள், இரண்டு ஒயர் இழுத்துவிடு. வாசல் கேமராவும் இதே ஒயர்தான் கேட்கும். பெண்டு குறைவாக, வளைவு பெரிதாக இருக்கட்டும். பைப்புக்குள் ஒரு நைலான் கயிறு போட்டு வைக்கச் சொல், பின்னால் வருகிற எதையும் அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். காங்கிரீட்டுக்கு முன் பைப் போகும் இடத்தில் டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொள். டைல்ஸ்காரர் பைப் முனையை மூடிவிட்டால் உடைக்க வேண்டிய இடமாவது தெரியும். இன்ஜினியர் முனகினால், கிரானைட்டுக்கு ஆகிற செலவில் இது எத்தனை பங்கு என்று அவரையே கணக்குப் போடச் சொல்.

கிரிம்பிங்குக்கு ஆள் தேடாதே. உன் வீட்டு விஷயத்தைச் சொன்னதுமே, “நான் வேணா தஞ்சாவூர் போய்ப் போட்டுக் குடுத்துட்டு வரவா அத்தை?” என்று குட்டி கேட்டாள். பரீட்சை தலைக்கு மேல் இருக்கிறது, மொட்டை மாடியிலிருந்து கீழே இறங்கிச் சாப்பிட வரவே நேரமில்லை என்கிற பெண். எனக்கு அப்போதே பொறி தட்டியது. எங்கள் தெருவில் இருக்கிற பையன்கள் அத்தனை பேரையும் அண்ணன் என்று கூப்பிடுகிறவள், உன் பெரியவனை மட்டும் பேர் சொல்லித்தான் பேசுகிறாள். அவன் எந்த ஊரில் வேலை, எப்போது லீவு என்பதெல்லாம் என்னைவிட அவளுக்குத்தான் தெரிகிறது. நீ ஒன்றும் தெரியாத மாதிரி அவனிடம் லேசாகக் கேட்டுப் பார்த்து எனக்கு எழுது. நாத்தனார் காதுக்கு மட்டும் போகக்கூடாது, சொல்லிவிட்டேன்.

உன்,
அதே பழைய ரூம்மேட்.